கரிசல் பள்ளியிலிருந்து கோட்டைக்கு

பள்ளிக்கூடம் நடத்துவதையே ஜீவனமாகக் கொண்டிருந்த ஒருவன், ஐம்பது வயதை நெருங்கும் பருவத்தில், பள்ளிக்கூடங்களை எப்படி நடத்தவேண்டும் என்று சர்க்காருக்கு யோசனை சொல்லும் ஸ்தானத்துக்கு மாற்றப்பட்டால், உறவினர்கள் அதை உயர்வு என்று மெச்சுவார்கள். கூட வேலை பார்த்த உபாத்தியாயர்களோ, இனி இவரும் நமக்குச் சுற்றறிக்கை அனுப்பப் புறப்பட்டுவிட்டார் என்று தமக்குள் பேசிக்கொள்வார்கள். இரண்டு அபிப்பிராயங்களும் என் காதுக்கு எட்டின. முன்னதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை ஏற்படவில்லை. பின்னதில் இருந்த நியாயத்தை மறுக்கவும் இயலவில்லை. அன்றைய திருநெல்வேலி ஜில்லாவின் வடகிழக்கே, கோவில்பட்டிக்கும் விளாத்திகுளத்துக்கும் இடைப்பட்ட கரிசல் காட்டில், ஜில்லா போர்டு உயர்நிலைப் பள்ளியொன்றின் தலைமையாசிரியனாக நெடுங்காலம் இருந்துவிட்டு, எழுபதுகளின் தொடக்கத்தில் சென்னைக்குப் போய், கல்வித் துறையின் ஆலோசனைப் பணிகளில் ஈடுபட்டு, 1983ஆம் ஆண்டு ஓய்வு பெற்றவன் நான். அந்த இரண்டு உத்தியோகங்களும் வெவ்வேறு தொழில்கள் அல்ல என்பது என் கட்சி. கோட்டையில், அதாவது தலைமைச் செயலகத்தில், எழுதப்படும் ஒரு வரி, கரிசல் காட்டில் யாருடைய கையில் போய் விழும் என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்வதுதான் ஆலோசகன் செய்யக்கூடிய பிரயோஜனமான காரியம். அதைப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொள்ளாதவனுக்குச் சென்னையில் யாரும் கற்றுத்தர மாட்டார்கள்.

சைதாப்பேட்டை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பி.டி. பட்டம் பெற்று நான் வேலையில் அமர்ந்தது 1950ஆம் ஆண்டு. அக்காலத்தில் உயர்நிலைப் பள்ளியின் வகுப்புகளை முதல் பாரம், இரண்டாம் பாரம் என்று எண்ணுவதே வழக்கம்; ஆறாம் பாரத்தின் முடிவில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. பயிற்சிக் கல்லூரியில் பெஸ்டலாஜியையும் பிரோபெலையும் டியூயியையும் சிரத்தையோடு படித்திருந்தோம். சம்பளப் பட்டியலைத் திரும்பி வராதபடி எழுதுவது எப்படி, தமிழ்ப் பண்டிதருக்கும் டிரில் மாஸ்டருக்கும் நடுவே மூண்ட மனஸ்தாபத்தைக் காலாண்டுப் பரீட்சைக்குள் தீர்ப்பது எப்படி என்பன போன்ற விஷயங்களைப் பற்றி அந்த மகான்கள் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை.

தலைமையாசிரியனுடைய வித்தை முழுவதும் கால அட்டவணையில் அடங்கியிருக்கிறது என்று நான் சொன்னால், அறியாதவர்கள் சிரிக்கக்கூடும். ஜூன் மாத முதல் வாரத்தில், பெரிய தாள் ஒன்றை மேசைமேல் விரித்து, கோடு கிழித்து, வாரத்துக்கு முப்பத்தைந்து பாடவேளைகளை இன்னின்ன ஆசிரியருக்கு இன்னின்ன வகுப்பு என்று நிரப்பிக்கொண்டு வரும்போது, கணக்கு வாத்தியார் ஒருவர் மாற்றலாகிப் போனதும், அவருக்குப் பதில் வரவேண்டியவர் தை மாதம் வரையில் வரப்போவதில்லை என்பதும், விஞ்ஞான ஆசிரியர் மத்தியான ரயிலுக்குப் போயாகவேண்டியவர் என்பதும், நாலாம் பாரத்தின் இரண்டு பிரிவுகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல அறைதான் இருக்கிறது என்பதும் அந்தத் தாளின்மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். கட்டங்கள் முப்பத்தைந்துதான், அவை கூடுவதில்லை. மேலேயிருந்து வரும் ஒவ்வோர் ஆணையும் அந்த முப்பத்தைந்துக்குள் புதிதாக ஒன்றைச் சேர்க்கச் சொல்லும்: நூல் நூற்றல், தோட்ட வேலை, குடிமைப் பயிற்சி, சேமிப்பு இயக்கம், இப்படி. சேர்க்கச் சொல்லும் ஆணை எதுவும், எடுக்கவேண்டியது எது என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. அதைத் தலைமையாசிரியன் இரகசியமாகத் தீர்மானித்துக்கொள்வான். பெரும்பாலும் சித்திரமும் சங்கீதமும் பலியாகும். வேறு வழியில்லாதவன் செய்யும் இந்த இரகசியத் தீர்மானங்களின் மொத்தம்தான் ஒரு மாகாணத்தின் உண்மையான கல்விக் கொள்கை என்பது, பிற்பாடு கோட்டையில் பல அறிக்கைகளைப் படித்தபோது எனக்குத் தெளிவாயிற்று.

நான் உதவி ஆசிரியனாக இருந்த 1953ஆம் வருஷத்தில் ராஜாஜியின் தொடக்கக் கல்வி மாற்றுத் திட்டம் வந்தது. கிராமப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பாடம். மிச்ச நேரம் தகப்பன் தொழிலையோ ஊரில் உள்ள வேறு தொழிலையோ பார்த்துப் பழகவேண்டும் என்பது ஏற்பாடு. குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் மற்றவர்களும் அதை எதிர்த்த வேகம் நாடறிந்தது. மறுவருஷமே ராஜாஜி பதவி விலகி, காமராஜர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. ஜாதிக்கொரு தொழில் என்று ஆகிப்போன தேசத்தில் அத்தகைய திட்டம் எந்தப் பக்கம் சாயும் என்பதை உழுகிறவனும் வெளுக்கிறவனும் புரிந்துகொண்டதில் ஆச்சரியமில்லை. அந்த எதிர்ப்பு நியாயமானது என்பதே என் அபிப்பிராயம். ஆயினும் பள்ளிக்கூடத்துக்காரன் என்ற முறையில் நான் கண்டது வேறொன்று. பாதிப் பிள்ளைகள் காலையிலும் பாதிப் பேர் பிற்பகலிலும் வர, அதே ஆசிரியர் இரண்டு வேளையும் தொண்டை வறளக் கற்பிக்கவேண்டியிருந்தது. வெளியே போன பிள்ளை என்ன தொழில் பழகினான், யாரிடம் பழகினான் என்று பார்ப்பதற்கு ஊரில் ஓர் ஆளும் கிடையாது. திட்டத்தின் பாதி பள்ளிக்கூடத்துக்கு வெளியே நடப்பதாக ஏற்பாடு. அந்தப் பாதிக்குப் பொறுப்பாளி இல்லை.

அதற்கு அடுத்த பத்து வருஷங்களை நினைக்கும்போது, இவ்வளவு வறுமைக்கு நடுவே இத்தனை காரியங்கள் எவ்வாறு நடந்தன என்ற வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை. காமராஜர் முதலமைச்சர், கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு. நடந்து போகும் தூரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தொடக்கப் பள்ளி என்பது லட்சியமாக இருந்தது. மாநிலமெங்கும் ஓராசிரியர் பள்ளிகள் முளைத்தன. 1955இல் உதவி பெறும் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் சேமநிதி, காப்புறுதி, ஓய்வூதியம் மூன்றும் சேர்ந்த திட்டம் வந்தபோது, அறுபது வயதுக்கு மேல் மருமகள் கையைப் பார்த்துக் காலம் தள்ளிய வாத்தியார்களைக் கண்டிருந்த எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இக்காலத்து இளைஞர்களுக்கு விளக்குவது சிரமம். 1958இல் கடம்பத்தூரில் ஆரம்பித்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் எங்கள் பக்கத்துக்கும் வந்தன. ஊரார் பெஞ்சும் கடிகாரமும் பூகோளப் படமும் கொண்டுவந்து பந்தலில் அடுக்க, மந்திரி அவற்றை ஏற்றுக்கொள்வார். அந்தப் பந்தல்களில் ஆடம்பரமும் போட்டியும் இருந்தன என்று குறை கூறுவோர் உண்டு. இருக்கட்டுமே! பெஞ்சு பெஞ்சுதானே?

மத்தியான உணவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் காமராஜர் தொடங்கிவைத்த காரியமாதலால், எங்கள் பகுதிக்கு அதில் ஒரு பாத்தியதை உண்டு. ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்குப் பத்து நயா பைசா; அதில் ஆறு பைசாவைச் சர்க்கார் கொடுக்கும், நாலு பைசாவை ஊர் கொடுக்கவேண்டும். உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியன் என்ற மரியாதைக்காக எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் உணவுக் குழுவில் என்னையும் சேர்த்து, கணக்கை என் தலையில் கட்டினார்கள். அந்த நாலு பைசா இருக்கிறதே, அதில்தான் ராஜ்யத்தின் தத்துவம் எல்லாம் இருந்தது. மழை பெய்த வருஷத்தில் களத்திலிருந்தே மூட்டை கம்பும் குதிரைவாலியும் வந்துவிடும், கடலைப்பருப்புகூட வந்ததுண்டு. மானம் பொய்த்த வருஷத்தில் கொடுப்பதற்கு யாரிடமும் ஒன்றும் இராது. பிள்ளைகளுக்குப் பசி அதிகமாக இருக்கும் வருஷமும் அதுவே. 1961 முதல் கேர் நிறுவனத்தின் மூலமாக அமெரிக்கப் பால்பவுடரும் எண்ணெயும் வந்து ஓரளவுக்குக் கைகொடுத்தன. அடுப்பு மூட்டுவது யார் என்ற கேள்வி மட்டும் நின்றது. ஓராசிரியர் பள்ளியில், ஐந்து வகுப்புகளையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொண்டிருந்த ஆசிரியர், பதினோரு மணிக்கே விறகு வந்ததா, உப்பு இருக்கிறதா என்று பார்க்கப் புறப்பட்டுவிடுவார். அத்தோடு அன்றைய கணக்குப் பாடம் முடிந்தது. ஒரே பந்தியில் எல்லா ஜாதிப் பிள்ளைகளும் உட்காருவதில் சில வீட்டார் முகம் சுளித்ததும், அவ்வீட்டுப் பிள்ளைகள் இரண்டொரு மாதத்தில் பசியின் உபதேசத்தால் தாமே வந்து உட்கார்ந்ததும் நான் கண்ணால் கண்டவை. பள்ளிக்கூடம் செய்த சமூகச் சீர்திருத்தங்களில் பாதி இப்படிப் பேச்சில்லாமல் நடந்தவை.

கரிசல் பூமியில் பள்ளிக்கூடத்துக்கு எதிரி இரண்டு: பருத்தியும் தீப்பெட்டியும். மாசி, பங்குனியில் பருத்தி எடுப்பு. அப்போது பெண்பிள்ளைகளின் வரிசை காலியாகிவிடும். பரீட்சையையும் விடுமுறையையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டு ஒரு வருஷம் எழுதினேன். பருத்தி எடுத்து, செடியைப் பிடுங்கி, மண்ணைப் புரட்டிய பிறகு அனுமதி வந்து சேர்ந்தது. தீப்பெட்டியாபீஸ் வருஷம் முழுவதும் உண்டு. கட்டை அடுக்குவதற்கும் பெட்டி ஒட்டுவதற்கும் சின்ன விரல்கள்தான் வேகமாக ஓடும் என்று விடியற்காலையிலேயே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். இரண்டாம் பாரத்தில் நன்றாகப் படித்துவந்த ஒரு பெண்ணைத் திரும்ப அழைத்துவர அவள் வீட்டுக்குப் போனபோது, அவள் தாயார் கோபமில்லாமல் சொன்னாள்: "பள்ளிக்கூடத்துக்குப் போனா என்னைக்கோ ஒருநா கெடைக்கும்னு சொல்லுதிய சார்வாள், ஆபீசுக்குப் போனா சனிக்கிழமை சனிக்கிழமை கெடைக்குது." அதற்குப் பதில் என்னிடம் இல்லை. கல்வியின் பயனைப் பற்றி நான் படித்த நூல்கள் எவற்றிலும் சனிக்கிழமையைப் பற்றிய பிரஸ்தாபம் கிடையாது.

1968 ஜனவரியில் சட்டசபை இருமொழிக் கொள்கையை ஏற்று ஹிந்தியைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்தபோது, ஒரே ஒருமுறை, கால அட்டவணையில் கட்டங்கள் காலியாயின. ஹிந்திப் பண்டிதர்கள் மனம் வாடி நின்றார்கள். கட்டங்களை இங்கிலீஷும் கணக்கும் விழுங்கின. அரசியல் வேறு, எனக்கு நேர்ந்த கவலை இந்த அளவுதான்.

பிறகு சென்னை. கல்லூரிச் சாலையில், கல்வி இயக்ககம் இருந்த, அன்று டி.பி.ஐ. எனப்பட்ட வளாகத்துக்கும் கோட்டைக்கும் இடையில் அலைவதே எனக்கு உத்தியோகமாயிற்று. ஆலோசகனுக்குக் கையெழுத்து அதிகாரம் கிடையாது. அவன் எழுதும் குறிப்பு ஒரு கோப்பில் கொடி ஒட்டப்பட்டு மேலே போகும். நிதித் துறைக்குப் போய்த் திரும்பி வரும்போது, குறிப்பு அப்படியே இருக்கும். அதன் சாரம் மட்டும் போயிருக்கும். மேலதிகாரிகள் பெரும்பாலும் என்னைவிட இருபது வயது இளையவர்கள், மிகுந்த புத்திசாலிகள், உழைப்பாளிகள். என்னை 'ஐயா' என்றும் 'சார்' என்றும் மரியாதையாகவே அழைத்தார்கள். அவர்கள் ஒரு திட்டத்தை எழுதிக்கொண்டுவந்து கொடுத்தால், நான் ஓரத்தில் பென்சிலால் மூன்று சொற்கள் எழுதுவேன்: யார், எப்போது, எதைக்கொண்டு. பெரும்பாலான திட்டங்களில் 'ஏன்' என்பது பல பக்கங்களுக்கு விளக்கப்பட்டிருக்கும். அது எல்லாருக்கும் தெரிந்ததே.

புள்ளிவிவரங்களைப் படிப்பதிலும் என் பழைய தொழில் உதவிற்று. சேர்க்கைக் கணக்கு மாவட்டந்தோறும் திரண்டு சென்னைக்கு வரும்போது அது விஞ்ஞானம் போலத் தோற்றமளிக்கும். அதை எழுதுகிறவனாக இருந்தவன் நான். ஆகையால் பிள்ளைகளின் எண்ணிக்கைக்குத் தக்கபடிதான் ஆசிரியர் பணியிடம் என்ற விதி இருக்கும்வரை, தீப்பெட்டியாபீசுக்குப் போய்விட்ட பிள்ளையின் பெயரை எந்தத் தலைமையாசிரியனும் அவசரப்பட்டு அடிக்கமாட்டான் என்பதை அறிவேன். பெயரை அடித்தால் ஓர் ஆசிரியர் போய்விடுவார். ஆசிரியர் போனால், இருக்கிற பிள்ளைகளும் கெடுவார்கள். இதைப் பொய் என்று தண்டிக்கப் புறப்படுவதில் பயனில்லை. எண்ணிக்கை குறைந்தால் உடனே இடத்தைப் பறிக்காமல் இருந்தால், கணக்கு தானாக மெய்யாகிவிடும் என்று வாதாடினேன். செலவு பிடிக்கும் மெய் என்பதால் அது எடுபடவில்லை.

என் சென்னை வாசத்தின் பெரிய காரியம் மேல்நிலைக் கல்வி. கோத்தாரி கமிஷன் 1966இல் சொன்ன பத்து, இரண்டு, மூன்று என்ற அமைப்பு, நமது மாநிலத்தில் 1978இல் நடைமுறைக்கு வந்தது. கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் இல்லை: பழைய முறையில் பள்ளியில் பதினொன்று, கல்லூரியில் புகுமுக வகுப்பான பி.யு.சி. ஒன்று, பட்டத்துக்கு மூன்று, ஆகப் பதினைந்து. புதிய முறையிலும் பதினைந்து. பட்டணத்தில் இருந்தவர்கள் இதை வெறும் பெயர் மாற்றமாகவே கருதினார்கள். கிராமத்தில் அதுவே பெரிய மாற்றம். பி.யு.சி. படிக்க வேண்டுமானால் ஒரு பெண் பாளையங்கோட்டைக்கோ மதுரைக்கோ போய் விடுதியில் தங்கவேண்டும். தங்கவைக்கப் பணமும் துணிச்சலும் உள்ள தகப்பன் எத்தனை பேர்? அந்த ஒரு வருஷம் பள்ளிக்கு இறங்கி வந்ததும், அவள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்ப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிடலாம் என்றாயிற்று. ஆகையால், எந்தெந்தப் பள்ளியை மேல்நிலைப் பள்ளியாக உயர்த்துவது என்ற கேள்வி வந்தபோது, கட்டடம் எவ்வளவு பெரிது, தேர்ச்சி விகிதம் எவ்வளவு என்பவற்றைப் பார்ப்பதற்கு முன்னால், மாலையில் இருட்டுவதற்குள் ஒரு பெண் வீடு திரும்ப முடியுமா என்று பாருங்கள் என்று எழுதினேன். சில இடங்களில் பார்த்தார்கள். பல இடங்களில், யார் சிபாரிசு என்று பார்த்தார்கள்.

ஆய்வகங்களின் விஷயத்தில் நேர்ந்ததையும் சொல்லவேண்டும். கல்லூரியில் செய்துவந்த செயல்முறைப் பயிற்சிகள் பள்ளிக்கு வந்தன. பியூரெட், பிப்பெட், ரசாயனத் தராசு என்று சாமான் பட்டியல் தயாராயிற்று. கரிசல் கிணற்றுத் தண்ணீர் உப்பு கரிக்கும். அதில் உப்பைக் கரைத்து, சில்வர் நைட்ரேட்டை விட்டால், எந்த உப்பாக இருந்தாலும் வெள்ளையாகப் படிந்து, குளோரைடு என்று சத்தியம் செய்யும். தண்ணீர் காய்ச்சி வடிக்கும் கருவி பட்டியலில் இல்லை. பேராசிரியர்கள் தயாரித்த பட்டியல் அது. அவர்களுடைய கல்லூரிகளில் வடித்த நீர் குழாயைத் திருகினால் வருகிற பொருளாக இருந்திருக்க வேண்டும். கருவியைச் சேர்க்கவைத்தது என் உத்தியோக வாழ்க்கையின் வெற்றிகளில் ஒன்று என்று சொன்னால் மிகையாகாது. 1980 மார்ச்சில் முதல் மேல்நிலைப் பொதுத் தேர்வு நடந்தபோது, எல்லாப் பள்ளிகளுக்கும் அந்தக் கருவி போய்ச் சேர்ந்திருக்கவில்லை.

தொழிற்கல்விப் பிரிவு நல்ல யோசனையாகப் பிறந்தது. மால்கம் ஆதிசேஷையா தலைமையில் மத்திய அரசு அமைத்த குழு, 1978இல் தந்த அறிக்கையில், செய்து கற்றலை மேல்நிலைக் கல்வியின் நடுவில் வைத்துப் பேசியது. அந்த அறிக்கையை நான் பலமுறை படித்திருக்கிறேன், இன்னும் மதிக்கிறேன். நமது பள்ளிகளில் நடந்ததோ, மார்க் குறைந்த பிள்ளைகளை அந்தப் பிரிவில் தள்ளிவிடுவது. கற்பிக்க வந்தவர்கள் பகுதிநேர ஆசிரியர்கள், அற்பச் சம்பளக்காரர்கள். எந்தப் பிரிவுக்கு எந்த ஊரில் வேலை இருக்கிறது என்று யாரும் விசாரிக்கவில்லை. தட்டச்சு மிஷின் இருந்த இடத்தில் தட்டச்சு கற்பித்தார்கள். தொழிலைக் கீழாக நினைக்கும் சமூகத்தில், கீழ் மார்க்குக்காரர்களுக்கென்று தொழிலை ஒதுக்கியது அந்த நினைப்பை உறுதிப்படுத்திற்றே ஒழிய மாற்றவில்லை. இதில் என் தீர்ப்பு கடுமையானதுதான். தளர்த்துவதற்குக் காரணம் காணவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருஷம், 1982 ஜூலையில், சத்துணவுத் திட்டம் ஆரம்பமாயிற்று. செலவு தாங்காது என்று நிதி தெரிந்தவர்கள் பலர் சொன்னார்கள். நான் கோப்பை வாங்கிப் பார்த்தபோது, என் பென்சிலுக்கு வேலை வைக்காத ஓர் ஏற்பாடு அதில் இருந்தது: ஒவ்வொரு மையத்துக்கும் ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர். அடுப்பு மூட்டுகிற ஆளுக்குப் பெயர் இருந்தது; ஊர் தரவேண்டிய நாலு பைசா இல்லை; ஆசிரியர் வகுப்பை விட்டு எழுந்து போகவேண்டியதில்லை. இந்த வேலைகளில் பெரும்பாலும் பெண்கள் அமர்ந்தார்கள். விதவைகளும் ஆதரவற்றவர்களும் அவர்களில் நிறைய. 1984இல் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கும் உணவு என்று ஆயிற்று.

அந்தப் பெண்களுக்கு அன்று கிடைத்தது சொற்பமான தொகுப்பூதியம். உதவி பெறும் பள்ளி வாத்தியாருக்கு முதுமையில் சோறு வேண்டும் என்பதை இந்த மாநிலம் 1955லேயே ஒப்புக்கொண்டது. பஞ்சாயத்து யூனியன் பள்ளி ஆசிரியர்களை 1981இல் அரசு ஊழியர்களாக ஏற்றுக்கொண்டது. நாள்தோறும் பிள்ளைகளுக்குப் பொங்கிப் போடுகிறவர்களுக்கும் முறையான காலமுறைச் சம்பளமும் ஓய்வூதியமும் வழங்கவேண்டும் என்று, யோசனை சொல்லும் அதிகாரம் தீர்ந்துபோன இந்தக் கிழவன், அதிகாரத்தில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.